நாற்பது பக்க நோட்டு

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். பாடத்தில் செய்த தப்பெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் மறக்கவில்லை.

1991. புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு அரசுப் பள்ளி. என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஜிப்மரில் சொல்லிவிட்டார்கள். அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்.

கோரிமேட்டில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது வசூல் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற இடம் அது. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்காரர்கள் விடியும் முன்பே பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பது, கையில் காசில்லாவிட்டாலும் வைத்தியம் கிடைக்கும் என்றுதான். ஆனால் படுத்திருப்பவனுக்குத்தான் இலவசம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு? மூட்டை தூக்கப் போகாத அப்பாவின் கூலி? வீட்டில் விட்டுவந்த சின்னதுகள்? குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்கு வைத்தியமே இரண்டு, மூன்று வருஷம் இழுக்கும். அவனுக்கு ஏற்றவேண்டிய ரத்தத் தட்டணுக்களை எடுத்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் கொடுப்பதற்கு ஆள் தேடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் தேடுகிறவர் அன்றைக்கு வேலைக்குப் போகமுடியாது.

வசூல் செய்தோம். பிரெஞ்சு பென்ஷன் வரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பையன் நூறு ரூபாய் கொண்டுவந்தான். பள்ளி வாசலில் மாங்காய்ப் பத்தை விற்கும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் கொடுத்தார். ஆறாயிரத்துச் சொச்சம் சேர்ந்தது.

கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். பெயர், தொகை என்று கோடு போட்டு, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். காலை வழிபாட்டில் உரக்க வாசித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பணத்தோடு அந்த நோட்டையும் பையனின் அம்மாவிடம் கொடுத்தேன்.

பெயரும் தொகையும் எழுதிய நோட்டு என்றால் நம்மவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறும், ஒருநாள் திரும்பிப் போகும். வட்டியில்லாக் கடன் அது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் கொடுத்ததையும் அந்தத் தாய் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்.

பையன் பிழைத்தான். ஒரு வருஷம் கழித்து வகுப்புக்கு வந்தான். ஒருநாள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சண்டை. "எங்கப்பா உனக்கு இருபது ரூபா குடுத்தாருடா" என்றான் எதிரே நின்றவன். அதற்குப்பின் பிழைத்து வந்தவன் மைதானத்துக்கு வரவில்லை. சொன்னவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அந்தத் தொகையை அவன் காதில் போட்டதே நான்தான்.

இப்போது வசூல் கைபேசிக்குள் நடக்கிறது. 2021இல் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்கு, தசைகள் வலுவிழக்கும் நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். ஒன்றிய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. அதே வருஷம் கண்ணூர் மாவட்டத்து மாட்டூலில் 18 கோடி கேட்டார்கள், 40 கோடிக்கும் மேல் வந்து கொட்டியது. போதும் என்று அவர்களே நிறுத்தவேண்டியிருந்தது. அதில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல. அத்தனை பேருக்கு எந்தத் தாயாலும் மொய் திருப்ப முடியாது!

பள்ளிக்கூட வசூல் அப்படியில்லை. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். போன வருஷம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் டயாலிசிஸுக்குப் பணம் சேர்த்தபோது, அனுப்பிய தொகையைப் படம்பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொன்னேன். செலவுக் கணக்கை எல்லாருக்கும் காட்டுவோம், கொடுத்தவர் பட்டியல் பொருளாளரிடம் மட்டும் இருக்கட்டும் என்றேன். மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் அனுப்பலாம் என்றும் சொன்னேன். டயாலிசிஸ் வாரம் இரண்டு, மூன்று முறை செய்யவேண்டிய சிகிச்சை. பெரிய தொகை கொடுத்த ஒருவருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

2004இல் என் மகள் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரத்தில் அந்த ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா வந்தார். பையன் வேலைக்குப் போகிறான் என்றார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். அட்டை போய், தைத்து வைத்திருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று பதின்மூன்று வருஷமாகத் தேடித்தேடிப் போயிருக்கிறார். மாங்காய் விற்ற அம்மாவின் பெயருக்கு எதிரிலும் டிக் இருந்தது.

"உங்க பேரும் பாக்கி இருக்குது சார்" என்று கவரை நீட்டினார். 1991இல் நான் கொடுத்தது இருநூறு. கவர்மேல் 201 என்று எழுதியிருந்தது.

வாங்கிக்கொண்டேன்.

பேனா இருக்கிறதா என்று கேட்டார். மொய் எழுதிக்கொண்டிருந்த பையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன்.