ஜலகண்டாபுரத்துக் கிணற்றடியில் கைபேசி

தாரமங்கலத்திலிருந்து மேற்கே போகும் பேருந்தில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கினால் ஜலகண்டாபுரம் வந்துவிட்டது என்று பொருள். ஊரைத் தாண்டினால் செம்மண் காடுகள். கடலைக்காய், சோளம், குச்சிக்கிழங்கு, ஊடே தென்னை. பெயரில் ஜலம் இருந்தாலும் இங்கே பாசனம் பெரும்பாலும் கிணறும் போரும்தான். மேட்டூர் அணை பக்கத்தில் இருந்தும், அதன் கால்வாய்கள் தாழ்வான நிலங்களைத் தேடித் தெற்கே போகின்றன. அணையின் உபரிநீரை நீரேற்றி, சேலம் மாவட்டத்தின் வறண்ட 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2021இல் தொடங்கியது. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். ஊறிய தண்ணீரை இறைக்க மோட்டார் வேண்டும்.

அந்த மோட்டாரைப் போடுவதே பெரும்பாடு. தோட்டம் வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். இரவில் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் டார்ச்சோடு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரை தேடும் நேரமும் அதுதான்.

இந்த நடையைக் குறைக்க வந்ததே கைபேசியால் இயங்கும் மோட்டார் பெட்டி. ஸ்டார்ட்டரோடு இணைத்த கருவிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். மூன்று பேஸில் ஒன்று போனாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ மோட்டாரைத் தானே நிறுத்தும் வசதியுள்ள கருவிகளும் உண்டு. காயில் கருகும் செலவு மிச்சம். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போட மறந்தால் மட்டும் பெட்டி ஊமையாகிவிடும்.

வசதியோடு புது ஆபத்தும் வருகிறது. ஒருவர் கிணற்றில் இறங்கி மோட்டாரைப் பழுது பார்க்கும்போது, வீட்டில் இன்னொருவர் அறியாமல் அழைத்துவிடலாம். ஆகவே மோட்டாரில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, கைபேசி கால்நடையை மிச்சப்படுத்தும், தண்ணீரை மிச்சப்படுத்தாது. படுத்த இடத்திலிருந்தே மோட்டார் போட முடிவதால், தேவைக்கு மேல் ஓடவிடும் பழக்கம் எளிதில் தொற்றும். பாத்தி நிறைந்ததா, வாய்க்கால் உடைந்ததா என்று கைபேசிக்குத் தெரியாது. சொட்டுநீரும் சேர்ந்தால்தான் முழுப் பயன். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம் உண்டு.

மோட்டார் பெட்டிக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் தருகிறது. சிட்டா, மின் இணைப்பு விவரங்களோடு அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம். வாங்குமுன் கிணற்றடியில் நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.