பதினைந்துக்குப் பதினைந்து

என் தம்பி சோம்பேறி இல்லை. அது தெரிந்துதான் அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவன் நாலுவழிச் சாலையில் விழுந்தான். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யாரும் காசு கேட்கவில்லை. அதற்குமேல் ஆனதை நான் கட்டினேன். கட்டியதைப் பிற்பாடு சொல்லிக்காட்டவும் செய்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 15 என்று எழுதிக் கொடுத்தார்கள். கண் திறக்கிறானா, பேச்சு தெளிவா, சொன்னபடி கைகாலை அசைக்கிறானா என்று பார்த்துப் போடும் எண். குறைந்தது 3, அதிகபட்சம் 15. பரீட்சை மார்க் மாதிரி ஊரெல்லாம் சொன்னேன். தானாக எழுந்து பல் விளக்குவானா, எங்கள் கடையில் மூன்று பேர் சேர்ந்து பேசினால் தாங்குவானா என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது.

டாக்டர் என்னை உட்காரவைத்தே சொன்னார். அடிபட்டது மூளையின் முன்பகுதியில். ஒரு வேலையைத் தானாகத் தொடங்க வைக்கும் இடம் அது. சொன்னால் செய்வான், சொல்லாவிட்டால் உட்கார்ந்தே இருப்பான். அன்றாட வேலைகளை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், சீக்கிரம் களைத்துப்போவான், மத்தியானம் தூங்கவிடுங்கள், பயிற்சிக்குக் கூட்டிவாருங்கள் என்றார். மோப்ப நரம்பும் போயிருக்கிறது, கேஸ் கசிந்தால்கூட அவனுக்குத் தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றையும் செய்யவில்லை. சோம்பேறி என்றால் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அடிபட்டவன் என்றால் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். பாக்கிக் கணக்கையெல்லாம் நோட்டைப் பார்க்காமலே ஒப்பிக்கும் தம்பி ஒருவன் எனக்கு இருந்தான். இவன் கால் கிலோ ஆணியை எடை போடுவதற்குள் வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்ப்பார். அப்போது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, வெட்கம். ஒருநாள் அடுப்பில் பால் கருகி வீடெல்லாம் நாறியது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அறைந்துவிட்டேன். கை ஓங்கும்போதே அந்த மூக்கு விஷயம் ஞாபகம் வந்தது. ஓங்கிய கையை நிறுத்தவில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எழுதிப்போடச் சொன்னார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனியாக எதுவும் கிடையாது. காயத்தால் வந்த குறைபாட்டைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அந்தச் சிக்கலைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வீட்டில் அப்படியொரு அட்டை எதற்கு என்பதுதான் உள்ளே ஓடிய கணக்கு.

கடைசியில் டாக்டர் சொன்ன அந்த வேலைப் பட்டியலை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டியவள் அந்த மகள்தான். அதைப் பார்த்து இப்போது அவனே குளித்துக் கிளம்புகிறான். மத்தியானம் கடையில் சத்தம் ஏறினால் அவள் போன் போட்டு அவனை வீட்டுக்கு வரச் சொல்லிவிடுகிறாள். வரன் பேச வந்தவர்களிடமும் சித்தப்பாவுக்குத் தலையில் அடிபட்டதை அவளே சொன்னாள். நான் அதற்குள் "எல்லாம் சரியாப் போச்சுங்க" என்று சொல்லி முடித்திருந்தேன்.