சொல்லுக்குக் காத்திருத்தல்

மூளைக்குள் இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பலூன்போல் புடைத்து, முன்னறிவிப்பின்றி வெடிப்பதுண்டு. அதில் உயிர் பிழைத்து வீடு திரும்பியவரைக் ‘குணமானவர்’ என்று சொல்லிவிடுகிறோம். அது அவசரப்பட்ட சொல் என்றே எண்ணுகிறேன்.

ஆங்கில நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011இல், 24ஆம் வயதில் இது நேர்ந்தது. சிகிச்சைக்குப் பின் சில நாள் தம் முழுப் பெயரையே அவரால் சொல்ல இயலவில்லை. வசனம் பேசுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதைவிடக் கொடுமை ஏது? 2013இல் மற்றொரு புடைப்புக்காக மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்தனர். அதன் பிறகும் நடித்தார். 2019இல்தான் இவற்றை வெளிப்படையாக எழுதினார்.

என் தமையனார் நடிகர் அல்லர்; ஓய்வுபெற்ற தபால்காரர். தெருத்தெருவாக வீட்டு எண்களை மனத்தில் வைத்திருந்தவர், அந்நோய்க்குப் பின் ‘உப்பு’ என்னும் சொல்லுக்காக நெற்றியைத் தேய்க்கிறார். நாங்கள் எடுத்துக்கொடுத்தால் முகம் வாடிவிடும். ஆகவே காத்திருக்கிறோம். (இரக்கப்படுவது எளிது, காத்திருப்பதுதான் கடினம்!) காலைக் காபியை அவரே கலக்கிறார், அதற்கு அரைமணி நேரமாகும். நண்பகலுக்குமேல் களைப்பு அவரைச் சாய்த்துவிடும். முன்பு வந்துகொண்டிருந்த நண்பர்களுள் ஒருவரே எஞ்சியுள்ளார். அவர் வியாழன்தோறும் சதுரங்கப் பலகையோடு வருகிறார். நலம் விசாரிப்பதில்லை. ‘உங்கள் ஆட்டம்’ என்று சொல்லிவிட்டு, எத்தனை நேரமானாலும் பேசாமல் அமர்ந்திருக்கிறார்.