மருதனார்மடத்து முற்றம்

மருதனார்மடம் என்றதும் சந்தையும், 1913இல் சேர். பொன். இராமநாதன் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரியுமே நினைவுக்கு வரும். காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளொழுங்கைகளால் நடந்தால் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளையும் காணலாம். நடுமுற்றத்தால் வெளிச்சமும் காற்றும் வரும். மண்முற்றமென்றால் மழைநீரும் நிலத்துக்குள் இறங்கும். வற்றாத ஆறில்லாமல், சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் இது சிறிய விடயமல்ல. நாமோ முற்றத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருக்கிறோம்!

கட்டடக்கலை படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நம் பிள்ளைகள், நிலைபேறான வடிவமைப்பை இந்த முற்றங்களிலும் படிக்கவேண்டும். வரைபடம் கீறுமுன் அடுப்படியில் நிற்பவளிடம் கேட்கவும் பழகவேண்டும். கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா அப்படிக் கேட்டவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். 1950களின் பிற்பகுதியில், கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறவிருந்த குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

போருக்குப் பின் கட்டப்பட்ட வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு வேலையாகப் போயிருந்தேன். அநேகமான வீடுகளின் பின்னால் பெண்கள் தாங்களே ஓலையால் ஒரு கொட்டில் போட்டுச் சமைத்தார்கள். கட்டிக்கொடுத்த குசினியில் விறகுப் புகை போக வழியில்லையாம்.