நடுவில் மட்டும் வெறும் பலகை

மாடி அறையின் கார்ப்பெட்டைச் சனிக்கிழமை காலையில் பெயர்த்தேன். அரை மணி நேர வேலை. அதைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேப்பிள் பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சுவரோரத்து ஆணிப்பட்டைகள் தனிக்கணக்கு. முழங்காலில் நகர்ந்தே அறையை நான்கு சுற்று வந்திருப்பேன். கோயிலில் செய்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

அடியில் பைன் பலகை. அறை 12க்கு 14 அடி. சுவரை ஒட்டி நாலு பக்கமும் இரண்டடி அகலத்துக்குப் பழுப்புப் பெயிண்ட். நடுவே 8க்கு 10 அடிக்கு, நூல் பிடித்து விட்டதுபோல, வெறும் மரம்.

*

இது என்ன கூத்து என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மா வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"நடுவுல கம்பளம் கிடந்திருக்கும்டா. கம்பளத்துக்கு அடியில எதுக்குப் பெயிண்ட்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்போ நம்ம வீட்ல பீரோவுக்குப் பின்னாடி யார் அடிச்சா?"

அவ்வளவுதான் விஷயம். நியூ இங்கிலாந்துப் பழைய வீடுகளின் மாடி அறைகளில் இந்தக் கரை கட்டிய தரை சாதாரணமாம். கண்ணில் படும் இடத்துக்கு மட்டும் வண்ணம்.

*

வீடு கட்டியது 1912. ஊர் மாசசூசெட்ஸில் வூஸ்டர். எழுத்துக் கூட்டிப் படித்தால் வொர்செஸ்டர் என்று வரும். அப்படிச் சொன்னால் ஊருக்குப் புதிது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கம்பி ஆலைகளில் வேலை பார்க்க ஸ்வீடன்காரர்கள் கூட்டமாக வந்து சேர்ந்த ஊர்.

கீழே விருந்தினர் உட்காரும் அறையில் ஓக் பலகை, வார்னிஷ், பளபளப்பு. மாடியில் பைன். விருந்தாளி மாடி ஏறப்போவதில்லையே. முகப்புக்குத் தேக்கும் கொல்லைக்கதவுக்கு வேம்பும் போட்ட நம்மூர் வீடுகளின் கணக்கு இங்கேயும் செல்லுபடியாகியிருக்கிறது.

*

நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் பதறினார். நூறு வருஷத்து மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது பாவம், இழைப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மொத்தத்தையும் தேய்த்துவிடு, மரத்தின் உண்மையான அழகு வெளியே வரும் என்றார்.

எனக்கு உடன்பாடில்லை. இந்த பைன் அழகு காட்ட வந்ததல்ல. மெத்தென்ற மரம், நாற்காலிக்கால் பட்டாலே குழியும். போட்ட நாளிலேயே இதற்குப் பெயிண்டோ விரிப்போ தேவைப்பட்டிருக்கிறது. பைனையும் மரமாகவே காட்ட வேண்டும் என்பது பிற்பாடு வந்த ருசி. அதை 1912இல் கொண்டுபோய் வைத்து, பெயிண்ட் அடித்தவர்களை ரசனை கெட்டவர்கள் என்பது நியாயமில்லை.

*

தேய்ப்பதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. சோதனைக் குச்சியைப் பழுப்புப் பெயிண்ட் மேல் தேய்த்தேன். பஞ்சு சிவந்தது. ஈயம்.

வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்தது 1978இல். ஜெனிவாவில் கூடிய தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்பக்கத்தில் வெள்ளை ஈய வண்ணம் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது 1921இல். நடுவில் 57 வருஷம். அந்த 57 வருஷமும் என் வீட்டுத் தரையில், கதவில், ஜன்னல் சட்டத்தில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. 1940க்கு முன் கட்டிய வீடுகளில் 87 சதவீதத்தில் எங்காவது ஈயப் பெயிண்ட் இருக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. இந்த மாநிலத்தில் 1978க்கு முந்தைய வீட்டில் ஆறு வயது ஆகாத குழந்தை இருந்தால், வீட்டுக்காரர் ஈய ஆபத்தை நீக்கியே ஆகவேண்டும் என்று சட்டம். எங்கள் பெண்ணுக்குப் பதினொன்று. அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது.

பெயிண்ட் உரியாமல் பிடித்திருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. தூளாகிக் காற்றில் பறந்தால்தான் வினை. நண்பர் சொன்ன இயந்திரம் மாடி முழுக்க அதைத்தான் செய்திருக்கும். ஆகவே அறைக்கு வெளியே பிளாஸ்டிக் திரை, முகத்துக்கு வடிகட்டி முகமூடி, கையில் தண்ணீரில் நனைத்த உப்புத்தாள். மினுமினுப்புப் போகும் அளவுக்கு மட்டும் லேசாக உரசி, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே பையில் கட்டிவிட வேண்டும். அம்மாவும் பெண்ணும் நான்கு நாள் மாடிப்பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டேன். (இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017இல்தான் அமலுக்கு வந்தது. ஊர் வீட்டு ஜன்னல் கம்பிகளை நினைத்துக்கொண்டேன். எண்பதுகளில் அவற்றை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தது நான்தான்.)

*

சமையலறையின் ஒரு மூலையில் லினோலியத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் 9 அங்குலச் சதுர ஓடுகள், ஓரத்தில் கறுப்புப் பசை. அந்த அளவுப் பழைய ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கிய வேகத்திலேயே மூடிவிட்டேன்.

*

கேப் காட் பக்கத்தில் தரைக்கு ஒரே நிறம் அடித்து, காய்ந்ததும் தூரிகையைத் தட்டித் தட்டிப் பல வண்ணப் புள்ளிகள் தெளிப்பார்கள். பெரிய பாரம்பரியம். அழுக்கும் தெரியாது. அம்மாவுக்குப் படம் காட்டினேன். "கைதவறிக் கொட்டிட்டுச் சமாளிச்சிருக்கான்" என்றாள்.

*

பைனில் கணு அதிகம். கணுவில் பிசின் உண்டு. மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் சில மாதத்தில் மஞ்சள் வட்டமாகக் கசிந்து வெளியே வரும். அதை அடைக்க ஷெல்லாக் பிரைமர். டின்னைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது.

ஷெல்லாக் என்றால் வேறொன்றுமில்லை, நம் அரக்கு. புரசு, இலந்தை மரங்களில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்ட் காடுகளில் கிளையோடு ஒடித்துச் சுரண்டி எடுப்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். தபாலாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்க உருக்குவார்களே அதுவா என்றாள். அதேதான். பிறகு, "பாண்டவாளைக் கொளுத்தப் பார்த்ததும் அதுலதானே? ஜாக்கிரதையா அடி" என்றாள். டின்னின் மேலும் எளிதில் தீப்பற்றும் என்றுதான் போட்டிருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

*

பலகை இடுக்குகளுக்குப் பட்டி பார்க்கவில்லை. கோடையில் பலகை உப்பும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சுருங்கும். இடுக்கில் அடைத்த பட்டி இரண்டே வருஷத்தில் பொடிந்து கிளம்பிவிடும். ஆணித்துளைகளுக்கு மட்டும் பட்டி.

*

நிறம். கடையில் தரைப் பெயிண்ட் என்றால் சாம்பலைத்தான் முதலில் நீட்டுகிறார்கள், போர்க்கப்பல் நிறம். பழுப்பு உதிர்ந்த ஓர் இடத்தில் அதற்கும் அடியில் மங்கிய சிவப்பு ஒன்று தெரிந்தது. இரும்புத் துரு நிறம், அந்தக் காலத்தில் மலிவான வண்ணம். "நம்ம வீட்டுத் தரைக் காவி" என்றாள் அம்மா. சிமென்ட்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து தேய்த்த தரையைச் சொல்கிறாள். இரண்டுக்கும் மூலம் இரும்பு ஆக்சைடுதான். அதையே வாங்கினேன்.

கரை மட்டும் 88 சதுர அடி வருகிறது. கால் கேலன் டின் ஒன்று ஒரு கோட்டிங்குக்குச் சரியாக இருக்கும். ஈயம் இருப்பதும் கரையில்தான், மூடினால் போதும். நடுவில் அம்மா கொண்டுவந்த பவானி ஜமுக்காளம். 1912இல் போட்ட கணக்கையே நானும் போட்டிருக்கிறேன்.

*

தண்ணீர்ப் பெயிண்ட் இரண்டு மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் அது காய்ந்ததாகக் கணக்கில்லை. சாக்ஸ் காலோடு நடக்க 24 மணி நேரம், கட்டில் போட மூன்று நாள், முழுக்க இறுக ஒரு மாதம். அவசரப்பட்டு நாற்காலியை வைத்தால் காலோடு பெயிண்டும் கிளம்பி வரும்.

*

இரண்டாவது கோட்டிங் இன்று. தடை நீங்கிய உற்சாகத்தில் அம்மா நடுப்பலகையில் மணையைப் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள். நான் ஜன்னலோரம் ஆரம்பித்து, கேட்டுக்கொண்டே, இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து, கடைசியில் வாசல் பக்கம் அடித்து முடித்து வெளியே வந்து நிமிர்ந்தேன். அம்மாவும் நிமிர்ந்தாள்.

"இப்ப நான் எப்படிடா வெளியில வர்றது?"

இரண்டடிதான். ஆனால் அவள் முட்டிக்கு இரண்டடி தாண்டுவது ஆகாது. கார் ஷெட்டில் ஒரு பழைய பலகை இருக்கிறது, வாசற்படிக்கும் நடுவுக்கும் பாலம் போட்டுவிடலாம் என்று இறங்கப் போனேன்.

"அவசரமில்ல," என்றாள், பீன்ஸைக் கையில் எடுத்துக்கொண்டே. "வர்றப்போ காபியும் எடுத்துண்டு வா."