எழுபது பேருக்கு ஒரு பந்தி

தை பிறந்தால் ஊரெங்கும் பொங்கல். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் பொங்கல் என்று இன்னொன்றும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிறந்தவர். 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்த நீர் இறங்கி வரும் பெருங்குழாய்களையும் மின்நிலையத்தையும் பார்த்தே வளர்ந்தவர்கள் லோயர் கேம்ப் பிள்ளைகள். 2013இல் இங்கே மணிமண்டபம் எழுந்த பின், உழவர்கள் அங்கு வந்து பொங்கலிட்டு வணங்குகிறார்கள். பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக வயல் அந்த நீரை நம்பி நிற்கும்போது, வணங்காமல் என்ன செய்வார்கள்?

கடந்த தைக்கு எங்கள் தெரு இளைஞர்கள் அதையொட்டி ஓர் உழவர் விருந்து வைக்க முடிவு செய்தார்கள். வசூலானது 3,500 ரூபாய்; சாப்பிடுவோர் எழுபது பேர். கணக்கு நோட்டு என் கையில்.

"பிரியாணி போட்டுரலாம்" என்றார் ஓர் அண்ணன். உழவர் விருந்துக்குப் பிரியாணியா என்று எவரும் கேட்கவில்லை, விலையைத்தான் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. அடுத்து வந்த யோசனை, "நம்ம வீட்டுப் பொம்பளையாளுக பொங்கிட்டா எளிதா முடிஞ்சுரும்" என்பது.

இந்த 'எளிது' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. எங்கள் தெருப் பெண்களில் பலர் விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியமர்ந்து, குமுளி வழியே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். ஆண்டில் அபூர்வமாய்க் கிடைக்கும் ஓய்வு நாளில் எழுபது பேருக்கு அடுப்படியில் நிற்பதா? நான் வாய் திறக்குமுன் அம்மா கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, எளிதுன்னா யாருக்குய்யா எளிது?"

கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவே வழியும் சொன்னார். பாதி வேலை முதல் நாளே முடிய வேண்டும். ஆண்பிள்ளைகளே செய்து இறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இப்படிச் சொன்ன உடனே என்ன சமைப்பது என்பது தானாகவே தெரிந்துவிட்டது.

விடுதி விழாவுக்கும் உதவும் என்பதால் அளவையும் எழுதுகிறேன். கேப்பை மாவு இரண்டு கிலோ. பனிக்காலத்தில் சீக்கிரம் புளிக்காது. ஆகவே முதல் நாள் காலையிலேயே கரைத்து வைத்தோம். இரவு ஒரு கிலோ அரிசி நொய்யை வேகவிட்டு, முக்கால் பதத்தில் மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். கிண்டியவர் பிரியாணி அண்ணன்தான்! காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் எழுபது டம்ளருக்குக் குறையாது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும்.

இரவே ஊறவைத்த இரண்டு கிலோ மொச்சை, விடிந்தபோது இருமடங்குக்கு மேல் ஊதியிருந்தது. பாதி சுண்டலுக்கு; பாதி பூசணி, கத்தரியோடு புளிக்குழம்புக்கு. ஆறு கிலோ பச்சரிசியில் வெண்பொங்கல். சர்க்கரைப் பொங்கல் ஒரே ஒரு சிறு பானை. முந்திரிக்குப் பதில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வறுத்துப் போட்டோம். ஏலக்காய் மட்டும் பத்து கிராம் கடையில் எடை போட்டு வாங்கினோம். பறிக்கிற கைக்கும் கடையில் அதே விலைதான்.

திராட்சை எங்கள் பக்கத்துச் செல்வம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொத்திலிருந்து உதிர்ந்த பழம் மலிவு. கொஞ்சம் நீரில் கொதிக்கவிட்டு, மசித்து, துணியில் வடிகட்டி, நாட்டுச் சர்க்கரை சேர்த்து ஆறவைத்தால் அருமையான பானம். மிக்ஸியில் அடித்தால் விதை அரைபட்டுக் கசக்கும். வாழையிலைக்குச் செலவே இல்லை. காற்றில் கிழிந்த இலை சந்தைக்குப் போகாது என்று தோட்டத்துக்காரர் ஒருவர் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டார்.

முதல் பந்தியில் ஏலத்தோட்டத்துப் பெண்களை உட்கார வைத்தோம். பரிமாறியது பையன்கள். ஓர் அத்தைக்கு உட்காரவே முடியவில்லை. குழம்பு வாளியைக் கண்டால் கை தன்னால் நீளுகிறது. "உக்காருங்க மதினி, இன்னைக்கு நாம விருந்தாளுக" என்று அம்மா சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அந்த அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியது பொங்கலை அல்ல, தினமும் குடிக்கிற அதே கூழை. "அடுத்தவுக கிண்டினா ருசியாத்தேன் இருக்கு" என்றார்.

மிஞ்சிய கூழ் மறுநாள் விடியலில் தூக்குவாளிகளில் மலையேறியது. கையிருப்பு 140 ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த தைக்குக் கூடுதலாக நெய் வாங்க வேண்டும் என்று பிரியாணி அண்ணன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.