சுராங்கனி பாடினது யாரு?

ஐ.வி. போற பஸ்ல, கடைசி சீட்ல நின்னுக்கிட்டு நீங்களும் 'சுராங்கனி' கத்தியிருப்பீங்க. பாதி வரி யாருக்கும் தெரியாது, ஆனா சத்தத்துக்குக் குறைவிருக்காது. நானும் அதைக் காமெடிப் பாட்டுன்னுதான் நெனச்சிருந்தேன்.

போன வருஷம் தூத்துக்குடியில எங்க அக்கா ரிசப்ஷன். டிஜே போட்டுக்கிட்டிருந்தப்ப தாத்தா என்கிட்ட வந்து, "சிலோன் மனோகர் பாட்டு ஒண்ணு போடச் சொல்லுலே"ன்னார். பிரெண்ட்ஸ் முன்னாடி சிரிச்சுட்டேன். "தாத்தா, அதெல்லாம் டூர் பாட்டு." அவர் ஒண்ணும் சொல்லல. போய் பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்துட்டார்.

தாத்தா பழைய துறைமுகத்துல இருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணியில போனவர். 2011 ஜூன்ல வ.உ.சி. துறைமுகத்துல இருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டப்ப, 'ஒரு தடவை போயிட்டு வரணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். நவம்பர்லயே அது நின்னுபோச்சு.

ரிசப்ஷன் முடிஞ்சு ஹாஸ்டல் வந்த பிறகும் அந்த பிளாஸ்டிக் சேர் கண்ணுக்குள்ளயே நின்னுது. தேடிப் படிச்சேன். ஏ.ஈ. மனோகரன். இலங்கைத் தமிழர் அவருக்குக் கொடுத்த பட்டம் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. (ஸ்கூல்ல தமிழே எடுக்காத நான் 'பொப்'பை அச்சுப்பிழைன்னு நெனச்சேன். அவங்க எழுதுறதே அப்படித்தான்.) 'சின்ன மாமியே' தந்த நித்தி கனகரத்தினம் மாதிரி ஆட்கள் கிளப்பின அலையில, மேடையையே ஆட வெச்சவர் இவர். செங்கை ஆழியானோட நாவலை வெச்சு 1978ல வந்த 'வாடைக்காற்று' படத்துல நடிச்சார். பிறகு இந்தப் பக்கம் தமிழ், மலையாளப் படங்கள்ல, பெரும்பாலும் வில்லன் கூட்டத்துல ஒருத்தரா.

அந்தத் தாளம் பைலா. போர்த்துகீசியத்துல 'பைலார்'னா ஆடறது. முத்துக்காக 1530கள்ல நம்ம கரையில கால் ஊன்றின அதே போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இங்க பெர்னாண்டோ, பெரைரான்னு பேரை விட்டுட்டுப் போனவங்க, அக்கரையில ஆட்டத்தையும் விட்டுட்டுப் போயிருக்காங்க. 'சுராங்கனி'யும் ஒரு பொண்ணுக்கு மீன் கொண்டு வர்ற பாட்டுதான். தோணிக்காரருக்கு அது எப்படி டூர் பாட்டாகும்?

எம்.எஸ். கனவுல நான் போற ஜெர்மன் கிளாஸ்ல 'ஷ்லாகர்'னு ஒரு பாட்டு வகை பத்தி சொன்னாங்க. ரசனைக்காரங்க முகம் சுளிப்பாங்களாம், கல்யாணத்துல எல்லாரும் சேர்ந்து பாடுவாங்களாம். எனக்கு உடனே மனோகர்தான் ஞாபகம் வந்தார். என் சிரிப்பும்தான்.

பொங்கல் லீவுக்குப் போனப்ப தாத்தா பக்கத்துல உட்கார்ந்து போன்ல 'சுராங்கனி' போட்டேன். நாலு செகண்ட்தான் கேட்டார்.

"இது அவன் இல்லலே. வாசுதேவன்."

கரெக்ட். நான் போட்டது 1977ல இளையராஜா இசையில 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல மலேசியா வாசுதேவன் பாடினது. நம்மில் நிறைய பேருக்கு அந்தக் குரல்தான் தெரியும். தேடி மனோகர் பாடினதைப் போட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கிட்டார். சேர் கைப்பிடியில விரல் மட்டும் தட்டிக்கிட்டிருந்துச்சு.

முடிஞ்சதும், "இப்ப எங்க இருக்கான்? கொழும்புலயா?"ன்னு கேட்டார்.

சொல்லித்தான் ஆகணும். 2018 ஜனவரியில இறந்துட்டார். சென்னையில. அப்ப நானும் அதே சென்னையில ஸ்கூல் போய்க்கிட்டிருந்தேன்.

"மெட்ராஸ்லயா?" தாத்தா கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "இங்கனயாலே இருந்தான்?"